பெட்டிக்குள் வராத டாங்கி: சோஜிலா 1948, முப்பத்தைந்தில் ஒரு பங்கு

தொண்டாமுத்தூர்ப் பக்கம் வந்து 'டேங்க்'னு சொன்னீங்கன்னா எல்லாரும் மொட்டை மாடியத்தான் அண்ணாந்து பார்ப்பாங்க. தண்ணி ரொம்பிடுச்சா, மோட்டாரை நிறுத்தியாச்சா, அவ்வளவுதான் இங்க டேங்க். அதனால இன்னிக்கு எபிசோடு முழுக்க நான் 'டாங்கி'ன்னே சொல்லிடறேன். இரும்புப் பட்டையில ஓடுற, பீரங்கி வச்ச போர் வண்டி.

அதுலயும் நாம பேசப்போறது மாடல் டாங்கி. ஒரு அட்டைப் பெட்டி வாங்குவோம். திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் சின்னச் சின்ன பாகங்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். சக்கரம், கதவு, கொக்கி, ஹெட்லைட், மண்வெட்டிகூட இருக்கும். கட்டரால் நறுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து, கடைசியில் துருவும் சேறும் ஏற்றி முடிக்கச் சில வாரங்கள் ஆகும். சிலருக்குச் சில மாதங்கள்.

சரி, இது ஒரு பொழுதுபோக்கு. இதை ஏன் வரலாற்று எபிசோடாப் பண்றோம்? ஏன்னா அந்தப் பெட்டியின் மேல் எந்த டாங்கியின் படம் இருக்கிறது என்பது ஒரு தேர்வு. எந்தப் போர் நினைவில் இருக்கணும், எது வேண்டாம் என்று எங்கேயோ யாரோ எடுத்த முடிவு அது. அந்த முடிவுல நம்ம ஆளுங்க கதை எங்க போச்சுன்னு பார்க்கலாம்.

விளையாட்டாகத் தொடங்கியது இல்லை

சின்ன அளவு போர் வண்டிகள் எல்லாமே பொம்மையாகப் பிறந்தவை என்று நினைக்கிறோம். இரண்டாம் உலகப் போரில் அவை பாடக் கருவிகள். 1942இல் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்தது. 5 லட்சம் மாடல் விமானங்கள் வேண்டும், மரத்தில் செதுக்கிக் கொடுங்கள் என்றது. அளவு 1/72. நிறம் கறுப்பு மட்டும்.

ஏன் கறுப்பு? வானத்தில் தூரமாகப் பறக்கும் விமானத்தின் நிறம் தெரியாது, உருவக்கோடுதான் தெரியும். ஏன் 1/72? கணக்குப் போட்டுப் பாருங்க. 1/72 மாடலை 10 மீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால், நிஜ விமானத்தை 720 மீட்டர் தூரத்தில் பார்ப்பது போல இருக்கும். வகுப்பறைக்குள்ளேயே வானத்தைக் கொண்டுவந்துவிடலாம். வருவது நம்ம விமானமா, எதிரி விமானமா என்று சில நொடிகளில் சொல்லப் பழக்கினார்கள். டாங்கிகளுக்கும் இதே முறை இருந்தது. 1/108 அளவில் உலோக மாடல்கள் செய்து படையினரிடம் கொடுத்தார்கள். தப்பாக அடையாளம் கண்டால் தன் படை வண்டியையே சுட்டுவிடுவார்கள். அதனால் மாடல் துல்லியமாக இருப்பது உயிர்ப் பிரச்சினை.

போர் முடிந்தது. துல்லியம் என்ற பழக்கம் மட்டும் பொழுதுபோக்கில் தங்கிவிட்டது.

அடுத்து ஜப்பான். ஷிசுவோகா நகரத்தில் மரம் அறுக்கும் தொழிலில் இருந்த குடும்பம் தமியா. மர மாடல்கள் செய்து விற்றவர்கள், பிளாஸ்டிக் வந்ததும் தடுமாறினார்கள். 1960இல் யமாட்டோ போர்க்கப்பலை பிளாஸ்டிக் கிட்டாகப் போட்டார்கள். விலைப் போட்டியில் அடி வாங்கினார்கள். 1961 கடைசியில் ஜெர்மனியின் பேந்தர் டாங்கியைப் போட்டார்கள். அது ஓடியது. நிஜமாவே ஓடியது, உள்ளே மோட்டார் இருந்தது.

இன்னிக்கு உலகம் முழுக்க டாங்கி மாடல்காரர்கள் பயன்படுத்தும் 1/35 என்ற அளவு அங்கேதான் பிறந்தது. முப்பத்தைந்துக்கு எந்தக் கணித அழகும் கிடையாதுங்க. ஒரு மோட்டாரும் இரண்டு பேட்டரியும் உள்ளே உட்காருகிற மாதிரி உடலை வடிவமைத்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் கிட்டத்தட்ட 1/35 வந்தது. பேட்டரி முடிவு பண்ணிய அளவு, ஒரு உலகத் தரமாகிவிட்டது. அந்த நிறுவனத்தை வளர்த்த ஷுன்சாகு தமியா 2025 ஜூலையில் 90 வயதில் காலமானார்.

பெட்டி எதை மறக்கிறது

இப்போ ஏதாவது ஒரு ஆன்லைன் கடையில் 1/35 டாங்கிகளைத் தேடுங்க. டைகர், பேந்தர், ஷெர்மன், டி-34. அதிலும் ஜெர்மன் வண்டிகளுக்குத் தனி மவுசு. ஒரே டைகருக்குப் பல கம்பெனிகள் போட்டி போட்டு கிட் போடுகின்றன.

இதற்கு நேரான காரணம் உண்டு. கிட் செய்ய அச்சு வெட்டணும். அச்சு என்பது பெரிய முதலீடு. ஏற்கெனவே விற்பது எதுவோ அதற்குத்தான் பணம் போடுவார்கள். இன்னொன்று, நிஜ வண்டி எங்காவது அருங்காட்சியகத்தில் நின்றால்தான் போய் அளக்க முடியும். பணக்கார நாடுகள் எதைக் காப்பாற்றி வைத்தனவோ, அது பெட்டிக்குள் வந்தது.

அரசியலும் உள்ளே இருக்கு. ஜெர்மனியில் நாஜி சின்னங்களைப் பொம்மைகளிலும் மாடல்களிலும் காட்டச் சட்டத் தடை உண்டு. அதனால் பல கிட்களின் பெட்டிப் படத்திலும் ஸ்டிக்கரிலும் ஸ்வஸ்திகா இருக்காது. பளபளப்பான வண்டி இருக்கும். அது எந்த அரசுக்காக ஓடியது என்ற அடையாளம் மட்டும் காணாமல் போயிருக்கும். தடை நியாயமானது. ஆனால் மேசையில் அதைச் செய்து முடிக்கும் ஒரு பதினாறு வயதுப் பையனுக்கு அந்த வண்டியின் கதையைச் சொல்ல வேறு யாராவது வேண்டும்.

இந்த உலகத்தில் இன்னொரு பழக்கமும் வந்துவிட்டது. கவசம் எவ்வளவு தடிமன், பீரங்கி எவ்வளவு நீளம், எடை எத்தனை டன் என்பதை வைத்து ஹீரோவை முடிவு செய்வது. டைகர் சுமார் 57 டன். அதனால அது ராஜா. சுமார் 15 டன் எடையுள்ள அமெரிக்க ஸ்டூவர்ட், ஓரத்தில் நிற்கும் துணை நடிகர். அதன் 37 மி.மீ. பீரங்கி 1944 ஐரோப்பாவில் பெரிய ஜெர்மன் டாங்கிகளை ஒன்றும் செய்ய முடியாதது என்பது உண்மைதான்.

அந்தத் துணை நடிகர்தான் இன்னிக்கு நம்ம கதாநாயகன்.

11,575 அடியில் ஒரு ஸ்டூவர்ட்

1948. காஷ்மீரில் இந்தியா–பாகிஸ்தான் முதல் போர். ஸ்ரீநகரிலிருந்து லே போகும் வழியில் சோஜிலா என்ற கணவாய். உயரம் 11,575 அடி, சுமார் 3,500 மீட்டர். அந்த ஆண்டு கோடையில் கார்கில், திராஸ், சோஜிலா எல்லாம் எதிர்த்தரப்பின் கையில் போயிருந்தன. தரைவழியில் லே துண்டிக்கப்பட்டது. செப்டம்பரில் காலாட்படையை வைத்துக் கணவாயைப் பிடிக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. மேலே பாறைகளுக்குள் இயந்திரத் துப்பாக்கிகள். கீழே இருந்து ஏறுபவனுக்கு மறைவு கிடையாது. பனி மூடிவிட்டால் அடுத்த ஆண்டு வரை ஒன்றும் செய்ய முடியாது.

அப்போது வந்த யோசனை, மேலே டாங்கியை ஏற்றுவது. அதுவரை உலகத்தில் அவ்வளவு உயரத்தில் டாங்கிகளைப் போருக்குள் இறக்கியதில்லை. படைப்பிரிவின் தளபதி மேஜர் ஜெனரல் திம்மையா. டாங்கிகள் 7ஆவது லைட் கேவல்ரியுடையவை. அதன் தளபதி லெப்டினன்ட் கர்னல் ராஜிந்தர் சிங், எல்லாரும் 'ஸ்பாரோ' என்று கூப்பிடும் ஆள். இந்த ரெஜிமென்ட்டின் வேர் எங்கே தெரியுமா? கிண்டியில. 1784இல் மதராஸ் குதிரைப்படையின் ஒரு பிரிவாகத் தொடங்கிய படை அது. குதிரை போய் டாங்கி வந்த பிறகு, பர்மா முனையில் ஸ்டூவர்ட் ஓட்டிப் பழகியிருந்தது.

ஜம்முவிலிருந்து ஸ்டூவர்ட்களைக் கொண்டுபோகணும். வழியில் உள்ள பாலங்கள் அந்த எடைக்குக் கட்டப்பட்டவை இல்லை. எதிர்த்தரப்புக்குத் தெரியவும் கூடாது. எனவே டரெட்டுகளை, அதாவது மேலே சுழலும் பீரங்கிக் கூண்டுகளை, கழற்றினார்கள். ஸ்ரீநகரைத் தாண்டும்போது ஊரடங்கு போட்டார்கள். கணவாயின் அடிவாரமான பால்தல் வரை ரகசியமாகக் கொண்டுபோய் மறுபடியும் மாட்டினார்கள்.

பால்தலிலிருந்து மேலே? அங்கே சாலையே கிடையாதுங்க. கோவேறு கழுதைகள் போகும் ஒற்றையடித் தடம். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். ஸ்டூவர்ட்டின் அகலம் 2 மீட்டருக்கும் கொஞ்சம் அதிகம். அந்தத் தடத்தை வெட்டி அகலமாக்கி, டாங்கி ஏறுகிற பாதையாக மாற்றியவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ். அவர்களை வழிநடத்தியவர் மேஜர் தங்கராஜு.

மெட்ராஸ் சாப்பர்ஸ் என்பது 1780இல் தொடங்கிய பொறியாளர் படை. பாலம் கட்டுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி எடுப்பது, இதெல்லாம் அவர்கள் வேலை. இந்திய ராணுவத்தில் இவர்களுக்கு ஒரு செல்லப் பெயர் உண்டு: 'தம்பி'. வடக்கே இருந்து வரும் அதிகாரிகூட 'தம்பிஸ்' என்றுதான் சொல்வார். தெற்கின் சமவெளியிலிருந்து போன அந்தத் தம்பிகள் அக்டோபர் குளிரில், எதிரியின் துப்பாக்கி எட்டும் இடத்தில், பாறையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

வானிலை கெட்டதால் தாக்குதல் தள்ளிப்போய், நவம்பர் 1ஆம் தேதி ஸ்டூவர்ட்கள் மேலே ஏறின. டாங்கி வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்காத இடம். ஐரோப்பாவில் பலவீனமானது என்று ஒதுக்கப்பட்ட அதே 37 மி.மீ. பீரங்கி, பாறை மறைவுக்குள் இருந்த நிலைகளை ஒவ்வொன்றாக அடைத்தது. அன்றே கணவாய் திறந்தது. நவம்பர் நடுவில் திராஸ், அடுத்த வாரத்தில் கார்கில். லேவுக்கு வழி கிடைத்தது.

இப்போ அந்த எடைக் கணக்கைத் திருப்பிப் பாருங்க. 57 டன் டைகரை அந்தப் பாதையில் ஏற்றியிருக்கவே முடியாது. ஸ்டூவர்ட் ஜெயித்ததற்குக் காரணம் அதன் லேசான உடம்பும், அதற்கு முன்னால் பாதை வெட்டிய கைகளும்தான். கிட் பெட்டியின் பின்பக்கத்தில் போடும் கவசத் தடிமன் பட்டியலில் இந்த இரண்டுமே வராது.

இதை மேசையில் எப்படிக் கட்டுவது

ஸ்டூவர்ட் கிட் கடையில் கிடைக்கிறது. 1/35இல் சுமார் 14 செ.மீ. நீளம். பெட்டியோடு வரும் ஸ்டிக்கர்கள் பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் படைகளுக்கானவை. சோஜிலா வேண்டுமென்றால் நீங்கதான் வேலை பார்க்கணும். அந்த வேலைதான் இந்தப் பொழுதுபோக்கை வரலாறாக மாற்றுகிறது. குறிப்புத் தாளைப் பார்த்து ஒட்டும் வரை நாம் அடுத்தவர் ஆராய்ச்சியைப் பின்தொடர்கிறோம். பெட்டியில் இல்லாததைக் கட்ட ஆரம்பித்த உடனே கேள்வி வந்துடும். வண்டியின் பக்கவாட்டில் என்ன எழுதியிருந்தது? பழைய பிரிட்டிஷ் காலப் பெயின்ட் மேலேயே அடித்தார்களா? பட்டையில் ஒட்டியது என்ன மண்?

மண் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம்ம ஊர் மாடல்காரர்களுக்குச் செம்மண் கைக்குப் பக்கத்திலேயே இருக்கு. தோட்டத்துல ஒரு கைப்பிடி அள்ளி, சலித்து, பசையில் குழைத்துத் தடவினால் அருமையான சேறு. ஆனா சோஜிலாவில் செம்மண் கிடையாது. அங்கே சாம்பல் நிறப் பாறைத்தூளும் பனியும்தான். பனிக்குச் சமையல் சோடா தூவலாம் என்று பல இடங்களில் சொல்வார்கள். ஈரம் பட்டால் நாளடைவில் மஞ்சளாகிவிடும். மாடலுக்கென்றே வரும் பனித்தூள் விலை கூடினாலும் நிலைக்கும்.

டயோராமா, அதாவது மாடலைச் சுற்றி ஒரு காட்சியையே அமைப்பது, நமக்குப் புதுசு இல்லை. நவராத்திரிக் கொலுவில் படிக்குக் கீழே மண் பரப்பி, கேழ்வரகோ கடுகோ முளைக்கவிட்டு, பூங்கா அமைத்து, கல்யாண செட் வைக்கிறோமே, அதேதான். மலைக்குக் காகிதக்கூழ், ஏரிக்குக் கண்ணாடி. அந்தக் கைப்பழக்கத்தை அப்படியே சோஜிலாவுக்குக் கொண்டுபோகலாம்.

என்னைக் கேட்டா, டாங்கியைக் கொஞ்சம் ஓரமாத் தள்ளி வைங்க. நடுவில் பாதை இருக்கட்டும். பாதி வெட்டிய பாதை, உடைத்த கல், கடப்பாறையோடு நாலைந்து தம்பிகள், பின்னால் காத்துக்கொண்டிருக்கும் ஸ்டூவர்ட். டாங்கி மாடல் கண்காட்சியில் டாங்கி காத்துக்கிடக்கும் காட்சி எத்தனை இருக்கும்? ஆனால் சோஜிலாவில் நடந்தது அதுதான்.

அளவு தெரிந்த ஊர்

கிட் விலையைப் பற்றிப் புலம்பல் வரும், தெரியும். இறக்குமதிப் பொம்மைகளுக்கான சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023இல் 70 ஆனது. சுங்கப் பட்டியலில் மாடல்களும் பொம்மைகள் தலைப்பிலேயே வருகின்றன. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பாற்ற வந்த வரி, ஷிசுவோகாவிலிருந்து வரும் பெட்டியையும் பிடித்துக்கொண்டது.

ஆனா கோயம்புத்தூர்க்காரங்களுக்கு ஒரு வசதி இருக்கு. இது பேட்டர்ன் செய்கிற ஊர். பம்ப்பும் மோட்டாரும் வார்க்கிற ஒவ்வொரு ஃபவுண்டரிக்கும் பின்னால் ஒரு பேட்டர்ன் கடை இருக்கும். மரத்திலோ உலோகத்திலோ முதலில் ஒரு மாதிரியைச் செய்து, அதை மணலில் பதித்து, அந்தப் பள்ளத்தில் இரும்பை ஊற்றுவார்கள். ஆறும்போது வார்ப்பிரும்பு சுமார் 1 சதவீதம் சுருங்கும். அதனால் பேட்டர்ன் செய்கிறவர் எல்லாவற்றையும் அந்தக் கணக்குக்குப் பெரிதாகச் செய்வார். அவர் வைத்திருக்கும் சுருக்க அளவுகோலில் 1 மீட்டர் என்று போட்டிருப்பது நிஜத்தில் 101 செ.மீ. ஒரு பொருளை மனதிலேயே வேறு அளவுக்கு மாற்றிக் கையால் செய்து முடிப்பது இங்கே தலைமுறைத் தொழில். 1/35 அவருக்கு இன்னொரு அளவுகோல், அவ்வளவுதான்.

அந்தக் கை இருந்தால், பெட்டியே இல்லாமல் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒரு டாங்கியைக் கட்டலாம். எதைக் கட்டலாம்? விஜயந்தா. பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பில், 1965 டிசம்பரில் ஆவடி தொழிற்சாலையிலிருந்து முதல் வண்டி வெளிவந்தது. தமிழ்நாட்டில் உருவான முதல் டாங்கி. 1971 போரைப் பார்த்து, பல பத்தாண்டுகள் ஓடி ஓய்வு பெற்றது. டைகருக்கு இருக்கும் கிட் கூட்டம் இதற்குக் கிடையாது. ஆனால் அளக்க வண்டி இருக்கிறது. ஓய்வு பெற்ற விஜயந்தாக்கள் நாட்டின் பல ஊர்களில் மேடை மேல் நிற்கின்றன. மகாராஷ்டிராவின் அகமத்நகரில், இப்போது அகில்யாநகர், ராணுவத்தின் டாங்கி அருங்காட்சியகமே இருக்கிறது. நிஜ அகலம் சுமார் 3.17 மீட்டர். 35ஆல் வகுத்தால் 9 செ.மீ. அங்கிருந்து தொடங்குங்க.

அளவை டேப் சொல்லிடும். நிறம், சத்தம், உள்ளே எவ்வளவு சூடு, பட்டை கழன்றால் எத்தனை பேர் சேர்ந்து மாட்டினார்கள், இதெல்லாம் ஆளுங்கதான் சொல்லணும். 1948இல் சோஜிலாவில் கல் உடைத்தவர்களிடம் கேட்கும் காலம் ஏறக்குறையப் போய்விட்டது. 1971இல் இருபது வயசாக இருந்தவருக்கு இப்போ எழுபது தாண்டியிருக்கும். உங்க ஊர்லயே யாராவது ஒரு பெரியவர் சாப்பர்ஸ்லயோ, டாங்கிப் படையிலயோ, ஆவடி தொழிற்சாலையிலயோ இருந்திருக்கலாம். பெயின்ட் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நடை அவர் வீட்டுக்குப் போயிட்டு வாங்க. பழைய ஆல்பம் இருக்கான்னு கேளுங்க. படத்துக்குப் பின்னால் தேதி எழுதியிருந்தால் அதையும் போனில் ஒரு படம் எடுத்து வச்சுக்கங்க.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்ங்க.